பச்சைத் தாளைத் தள்ளித் தள்ளி ஒட்டியவள்

டொக்டர், ஒரு பெண்ணின் இரண்டு வருஷத்தை நீங்கள் வீணாக்கினீர்கள். தெரிந்துகொண்டே செய்தீர்கள்.

உங்கள் பெயரை நான் இதில் எழுதப் போவதில்லை. எழுதினால் இந்த விழா மலரில் போட மாட்டார்கள். உங்களுக்கு நீங்கள் யார் என்று தெரியும், எனக்கும் தெரியும், அது போதும். அவளுடைய பெயரையும் எழுத மாட்டேன். எழுதலாமா என்று கேட்டேன். "வேண்டாம் அக்கா" என்றாள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது வாசித்தால் விளங்கும்.

மறக்க முடியாத ஒருவரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழு கேட்டது. மற்றவர்கள் அப்பாவைப் பற்றியும் படிப்பித்த வாத்தியாரைப் பற்றியும் எழுதுவார்கள். நான் என் வீட்டு பேஸ்மென்டில் மூன்றரை வருஷம் குடியிருந்த ஒருத்தியைப் பற்றி எழுதுகிறேன். நான் பிஸ்கட் கொம்பனியில் பெட்டி அடைக்கிறவள். அழகாக எழுதத் தெரியாது.

அவள் வந்து இரண்டாம் கிழமை, குப்பைப் பெட்டி வைக்கப் போன இடத்தில் கண்டேன். "ஒருநாளைக்கு மேல வாருமன் பிள்ளை, தேத்தண்ணி குடிப்பம்" என்றேன். எல்லோரும் சொல்கிறதுதான். "எப்ப அக்கா?" என்று கேட்டாள். இப்படி ஒருவர் கேட்டு நான் அறியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "சனிக்கிழமை நாலு மணிக்கு வாருமன்."

சனிக்கிழமை நாலு மணிக்கு நான் தலைக்கு மை பூசி, பழைய நைட்டியோடு, கழுத்தைச் சுற்றி பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு குசினியில் நிற்கிறேன். கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் இவள். தலை வாரி இழுத்து, நல்ல சட்டை போட்டு, கையில் ஒரு தட்டு. தட்டில் அவளே சுட்ட கேக்.

"என்ன பிள்ளை?"

"நாலு மணிக்கு எண்டு சொன்னீங்கள் அக்கா."

என் மனுஷன் கதிரையில் இருந்து விழாத குறையாகச் சிரித்தார். "வாரும் பிள்ளை, வாரும். அக்கா உமக்காகத்தான் வெளிக்கிட்டுக்கொண்டு நிக்கிறா."

அவள் சிரிக்கவில்லை. "நான் பேந்து வரட்டோ?" என்று உண்மையாகவே கேட்டாள். நான் மை காய்கிற தலையோடு தேநீர் போட்டேன். ஒரு மணித்தியாலம் இருந்தாள். போகும்போது, "அடுத்த மாதம் நான் கூப்பிடுறன், ரெண்டாம் சனிக்கிழமை, நாலு மணிக்கு" என்றாள். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை எனக்கு அது மறந்தே போய்விட்டது. ஐந்து மணிக்கு ஏதோ எடுக்கப் படியிறங்கிப் போனால், மேசையில் இரண்டு கோப்பை, மூடி வைத்த ரோல்ஸ், பக்கத்தில் அவள். ஒரு மணித்தியாலமாக அப்படியே இருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "ஆறினாலும் நல்லாத்தான் இருக்கும் அக்கா" என்றாள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அவள் அப்படித்தான். ஒருவர் ஒன்றைச் சொன்னால் அது நடக்கும் என்று நம்புவாள். தான் சொன்னதைச் செய்வாள். எங்கள் சனத்துக்குள் இப்படி ஒரு பிறவி எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. நாங்கள் "கட்டாயம் வாறம்" என்று சொல்லிவிட்டுப் போகாத கலியாணம் எத்தனை. கூப்பிட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும், ஒருவரும் கதிரை போட்டுக் காத்திருக்க மாட்டார்கள். அவளுக்கு மட்டும் இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. திருகோணமலையில் இருந்து பத்தொன்பது வயதில் தமையன் எடுப்பித்து வந்தவள். இங்கே கியூபெக்குக்கு வந்து பிரெஞ்சு படித்து, உயிரியலில் பட்டம் எடுத்து, பார்மசி ஒன்றில் காசாளராக நின்றுகொண்டு மருத்துவப் படிப்புக்கு ஆயத்தம் செய்தாள். பக்கத்து ஊரான கர்க்லாண்டில் தமையன் வீட்டில் மூன்றாவது பிள்ளை பிறந்ததும் அறை காணாமல் போய் எங்களிடம் வந்தாள்.

பனி கொட்டிய ஒரு நாளை இங்கே சொல்ல வேண்டும். பேஸ்மென்ட் வாசல் வீட்டின் பக்கவாட்டில். முதல்நாள் மாலை என் மனுஷன், "காலமை ஏழு மணிக்கு நான் பாதை வெட்டி விடுறன் பிள்ளை, நீர் கஷ்டப்படாதையும்" என்று சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு எட்டரை வரை குறட்டை. நான் எழும்பி ஜன்னலால் பார்த்தால், கீழ்க் கதவின் கண்ணாடிக்குள் தொப்பி தெரிகிறது. சப்பாத்து, கையுறை, தோளில் பை எல்லாம் போட்டுக்கொண்டு நிற்கிறாள். பஸ் இரண்டு போய்விட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

"ஏன் பிள்ளை, பனி வெட்டுற சவள் அதிலதானே கிடக்கு, நீரே வெட்டிக்கொண்டு போயிருக்கலாமே?"

"அண்ணை வெட்டுறன் எண்டு சொன்னவர். நான் வெட்டினால் அவர் வந்து பாத்திட்டு என்ன நினைப்பார்?"

என் மனுஷன் அன்றைக்கு வெட்கப்பட்டது மாதிரி முப்பது வருஷ வாழ்க்கையில் நான் கண்டதில்லை. "இந்தப் பிள்ளையிட்ட வாயைக் குடுக்கேலாதப்பா" என்றார். அதற்குப் பிறகு பனி பெய்த நாளெல்லாம் ஆறே முக்காலுக்கு சவளோடு நின்றார். என் பேச்சுக்கு எழும்பாத மனுஷன்.

இனி உங்களிடம் வருகிறேன், டொக்டர்.

தமிழ்ச் சங்க விழா ஒன்றில்தான் அவள் உங்களைச் சந்தித்தாள். மருத்துவப் படிப்புக்கான படிவத்தில் ஒரு பெட்டி உண்டாம். நோயாளரோடு நேரே வேலை செய்த அனுபவத்தை அதில் எழுத வேண்டும். அவளிடம் புள்ளிகள் இருந்தன, நுழைவுப் பரீட்சை எழுதி நன்றாகச் செய்திருந்தாள், அந்தப் பெட்டி மட்டும் வெறுமை. அதைத்தான் உங்களிடம் சொன்னாள். உங்கள் கிளினிக்கில் உதவியாளர் வேலை ஒன்று வரப்போகிறது, நோயாளரை உள்ளே கூட்டிப்போய் நிறை பார்த்து, பிரஷர் பார்த்து எழுதுகிற வேலை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். "கட்டாயம் உம்மை எடுக்கிறன் தங்கச்சி. செப்டெம்பருக்கு முதல் கடிதம் வரும்." நான் பக்கத்தில் வடைத்தட்டோடு நின்றேன். என் காதால் கேட்டேன்.

அவள் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டாள். படிவம் நவம்பர் தொடக்கத்தில் மூடும். செப்டெம்பரில் வேலை தொடங்கினால் மூடுவதற்குள் இரண்டு மாத வேலையை எழுதலாம். தமிழ்க் கடைக் கலண்டர் ஒன்றைப் படியடியில் மாட்டினாள். அதில் இரண்டு ஒட்டுத்தாள். சிவப்பு, படிவம் மூடும் நாளில். பச்சை, உங்கள் கடிதம் வரும் நாளில்.

ஓகஸ்ட் முடிவில் ஒட்டிய பச்சை செப்டெம்பருக்குப் போனது. "அடுத்த கிழமை" என்றீர்கள். ஏழு நாள் எண்ணி ஒரு கிழமை தள்ளி ஒட்டினாள். "ஆட்கள் மாறுகினம், கொஞ்சம் பொறும்" என்றீர்கள். இரண்டு கிழமை தள்ளினாள். நான் துணி தோய்க்கக் கீழே போகிற ஒவ்வொரு முறையும் அந்தப் பச்சைத் தாள் இடம் மாறியிருக்கும். சிவப்பு அப்படியே இருக்கும். ஒட்டி ஒட்டிப் பச்சையின் பசை போய்விட்டது, பிறகு குண்டூசியால் குத்தினாள். "ராகுகாலத்தில குத்தாதையும் பிள்ளை, அதுதான் சரிவரேல்லை" என்று என் மனுஷன் பகிடி விட்டார்.

அந்த வருஷம் பச்சை சிவப்பைத் தாண்டிப் போனது. அவள் விண்ணப்பிக்கவில்லை.

"வேலை வரப்போகுது எண்டு எழுதிப்போட்டு அனுப்பியிருக்கலாமே" என்றேன்.

"வரப்போறதை எப்பிடி அக்கா வந்த மாதிரி எழுதுறது? வந்தாப் பிறகு எழுதுவம். டொக்டர் சொல்லியிருக்கிறார்தானே."

"ஓம், வரும் வரும்" என்றேன் நான்.

இதைக் கவனியுங்கள். எனக்கு அப்போதே தெரியும். ஒரு பெரியவர் மூன்றாம் முறை "அடுத்த கிழமை" என்றால் அது வராது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு "வரும் வரும்" என்றேன். ஏனென்றால் அவளுடைய முகத்தைப் பார்த்து மற்றதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களோடு சேர்த்து என்னையும்தான் திட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

அவள் எப்படிப்பட்ட டொக்டராக வருவாள் என்று எனக்குத் தெரியும். இடையில் எனக்குக் கழுத்தில் ஒரு கட்டி. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மனுஷனுக்கு வேலை, எனக்கு பிரெஞ்சு அரைகுறை. "நான் வாறன் அக்கா" என்றாள். வந்தாள். அங்கே இருந்த வைத்தியர் கணினியைப் பார்த்தபடி விறுவிறு என்று ஏதோ சொல்லிவிட்டு எழும்பிவிட்டார். இவள் எழும்பவில்லை. பிரெஞ்சில் அவரிடம் என்னவோ கேட்டாள், மரியாதையாகத்தான். அவர் திரும்பக் கதிரையில் இருந்தார். என்னைப் பார்த்து, மெல்ல, முதலில் இருந்து சொன்னார். இவள் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் தந்தாள்.

வெளியே வந்து, "அவரிட்ட என்ன கேட்டனீர்?" என்றேன்.

"அவருக்குத் தெரிஞ்சது எது, தெரியாதது எது எண்டு பிரிச்சுச் சொல்லச் சொன்னனான்."

"அப்ப எனக்குப் புற்றுநோயோ?"

வேறு யாரும் என்றால் "சீ, அப்பிடி ஒண்டும் இராது, கடவுளை நம்புங்கோ" என்பார்கள். அவள் பஸ் தரிப்பிடத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "இப்ப தெரியாது அக்கா. அவருக்கும் தெரியாது. பத்து நாளில தெரியும். பத்தாம் நாள் காலமை ஒன்பது மணிக்கு நான் மேல வருவன், ரெண்டு பேருமாச் சேர்ந்து போன் எடுப்பம். அதுவரைக்கும் பயமாத்தான் இருக்கும். பயப்படுங்கோ, பரவாயில்லை."

பயப்படு என்று ஒருவர் சொல்லி எனக்குப் பயம் குறைந்தது அன்றைக்குத்தான். பத்தாம் நாள் ஒன்பது மணிக்குக் கதவு தட்டினாள். நாற்பது நிமிஷம் ரெலிபோனில் காத்திருக்கப் போடுகிற பாட்டைக் கேட்டபடி என் குசினியில் நின்றாள். ஒன்றுமில்லை என்று வந்தது. என் மனுஷன் அழுதார். அவள் தேநீர் குடித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அடுத்த வசந்தத்தில் ஒன்று நடந்தது. எங்கள் ஊரான பியர்பொன்ட்ஸிலேயே உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர் வேலைக்கு அவளை எடுத்தார்கள். குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, தூக்கி இருத்துவது. படிவத்தில் அந்தப் பெட்டியை நிரப்ப அதைவிட நல்ல வேலை இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார்கள். வேறு யாரும் என்றால் ஓம் என்று பாய்ந்திருப்பார்கள். இவள் உங்களுக்குப் போன் எடுத்தாள். வியாழக்கிழமை, என் குசினியில் இருந்து, சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு. நானும் கேட்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தாள் என்று நினைக்கிறேன்.

"டொக்டர், எனக்கு வேற இடத்தில வேலை ஒண்டு கிடைச்சிருக்கு. நாளைக்குப் பதில் சொல்லவேணும். உங்கட வேலை இல்லையெண்டால் நான் அதை எடுக்கிறன். ஓமெண்டால் அதை விடுறன்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி என்ன கேட்க முடியும்?

"ஏன் அவசரப்படுறீர் தங்கச்சி? அங்க போய்க் கிழவர்மாருக்குக் கழுவப் போறீரே? உமக்கெண்டுதானே இதை வைச்சிருக்கிறன்."

"அப்ப உங்கட பதில் ஓம் எண்டு எடுக்கட்டோ?"

"எடும், எடும்."

மற்ற நாள் வெள்ளி காலை முதியோர் இல்லத்துக்கு வேண்டாம் என்று எழுதினாள். கலண்டரில் புதுப் பச்சைத் தாள் ஒட்டினாள். யூன் மாதத்தில். யூன் போய் யூலை, யூலை போய் ஓகஸ்ட்.

இந்த முறை சிவப்புத் தாளுக்கு வேறு பாரம் இருந்தது. நுழைவுப் பரீட்சைப் புள்ளி எல்லாக் காலத்துக்கும் செல்லாதாம். அவளுடைய புள்ளிக்கு அதுதான் கடைசி வருஷம். பிறகு திரும்ப எழுத வேண்டும், திரும்ப மாதக்கணக்கில் படிக்க வேண்டும். எனக்கு இதை விளக்கிச் சொன்னபோதும் அவள் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பிழையாகச் சொல்லவில்லை. "டொக்டருக்கு வேலை கூட" என்றாள்.

ஒக்டோபர் கடைசியில், ஒரு திங்கட்கிழமை, பிரஷர் பார்க்க உங்கள் கிளினிக்குக்கு வந்தேன். உள்ளே கூப்பிட்டது ஒரு புதுப் பிள்ளை. நீலச் சட்டை, கழுத்தில் அட்டை. நிறை பார்த்தாள், கையில் பட்டி கட்டினாள். நல்ல பிள்ளை, அவளில் ஒரு பிழையும் இல்லை.

"எப்ப வந்தனீர் பிள்ளை இஞ்ச?"

"யூன்ல இருந்து அன்ரி."

என் பிரஷர் எவ்வளவு என்று சொன்னாள். அன்றைக்கு அது கூடித்தான் இருந்தது.

நீங்கள் உள்ளே என்னோடு கதைத்தீர்கள். உப்பைக் குறைக்கச் சொன்னீர்கள். நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இந்தக் கியூபெக்கில் குடும்ப டொக்டர் ஒருவரைப் பிடிப்பது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் இருக்க வேண்டும். எங்களை உங்களிடம் சேர்க்க என் மனுஷன் எத்தனை பேரைப் பிடித்தார். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன்.

"இஞ்சேரும், நீர் இதுக்குள்ள தலையைப் போடாதையும். அந்தாள் கோவிச்சுதெண்டால் எங்களை ஆர் பாக்கிறது? என்ர சீனி வருத்தம், உம்மட பிரஷர்."

"அந்தப் பிள்ளை கீழ கலண்டரைப் பாத்துக்கொண்டிருக்குதப்பா."

"அவவுக்குத் தானாத் தெரியவரும்."

எட்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. எட்டு நாளும் துணி தோய்க்கக் கீழே போகவில்லை, அந்தக் கலண்டரைப் பார்க்கப் பயந்து. ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை. படிவம் மூட இரண்டு நாள். வியாழன் பின்னேரம் நாலரையோடு முடிகிறது. மனுஷன் வேலைக்குப் போன பிறகு கீழே இறங்கினேன். நின்றபடியே சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "எப்ப அக்கா கண்டனீங்கள்?" என்றாள்.

"போன கிழமை திங்கள்."

கலண்டரைப் பார்த்தாள். விரலால் நாட்களைத் தொட்டாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "சொன்னதுக்கு நன்றி அக்கா. நாளைக்கு என்னை அங்க கொண்டுபோய் விடுவீங்களோ?" என்றாள்.

"ஓம்" என்றேன். அவளிடம் ஓம் என்று சொல்லி நான் செய்த முதல் காரியம் அது.

புதன் காலை உங்கள் கிளினிக்கில் கதிரை எல்லாம் நிறைந்திருந்தது. முக்கால்வாசி எங்கள் சனம். அவள் நின்றாள். நீங்கள் கோப்பு எடுக்க வெளியே வந்தீர்கள்.

"ஆ, தங்கச்சி! அண்ணா சுகமே?"

"சுகம் டொக்டர். எனக்கு அந்த வேலை இல்லையெண்டு நீங்கள் சொல்லவேணும்."

"ஆர் சொன்னது இல்லையெண்டு?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அதுதான் நீங்கள் சொல்லுங்கோ. நாளைக்குப் படிவம் மூடுது. நீங்கள் இல்லையெண்டு சொன்னால் நான் அதுக்கேத்த மாதிரி எழுதிப்போட்டு அனுப்புவன்."

அந்த நீலச் சட்டைப் பிள்ளை உங்களுக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள், டொக்டர். பிரஷர் பட்டியைச் சுருட்டிச் சுருட்டிக் குனிந்துகொண்டு நின்றாள். அவளை வைத்துக்கொண்டு நீங்கள் சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

"இப்ப கொஞ்சம் இடைஞ்சல் பாரும். உமக்கெண்டு ஒண்டு யோசிச்சுத்தான் வைச்சிருக்கிறன். அடுத்த கிழமை கதைப்பம்."

கதிரைகளில் இருந்த சனம் எல்லாம் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி விளம்பரத்தை வாசிக்கத் தொடங்கியது. எல்லோருக்கும் நீங்கள் குடும்ப டொக்டர். நானும் வாசித்தேன்.

அவள் சொன்னாள்.

"அப்ப நான் சொல்லுறன் டொக்டர். உங்களிட்ட வேலைக்கு வாறன் எண்டு சொன்னனான். இப்ப வரேல்லை எண்டு சொல்லுறன். எனக்காகக் காத்திருக்காதேங்கோ."

ஒரு மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே, தனக்காக நீங்கள் ஓர் இடத்தை வைத்துக்கொண்டு கஷ்டப்படக் கூடாது என்றுதான் சொன்னாள். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து காரில் ஏறினாள்.

"அவர் பாவம் அக்கா. இல்லையெண்டு ஒரு சொல் அவருக்கு வாயில வருதில்லை."

நான் சிவப்பு லைட்டில் காரை நிறுத்திவிட்டு உங்களைத் திட்டினேன். தமிழில் எனக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முடியும் வரை கேட்டுவிட்டு, "பச்சை லைட் விழுந்திட்டுது அக்கா" என்றாள்.

வியாழன் மத்தியானம் நான் வேலைக்குப் போகவில்லை, அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். படிவம் எல்லாம் நிரப்பியிருந்தாள், அந்தப் பெட்டி மட்டும் பாக்கி. "என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனனீர்தானே, அதை எழுதுமன். பத்து நாள் என்னைப் பாத்தனீர்" என்றேன்.

"அது வேலை இல்லை அக்கா. அது நீங்கள்."

அந்தப் பெட்டியில், நோயாளரோடு வேலை செய்த அனுபவம் இன்னும் இல்லை என்று எழுதினாள். மூன்று மணிக்கு அனுப்பினாள். பச்சைத் தாளைக் கழற்றிக் குண்டூசியை மேசையில் வைத்தாள். சிவப்பை அப்படியே விட்டாள்.

குளிர்காலம் முடியமுன் பதில் வந்தது. நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை. காரணம் எழுதவில்லை. அந்தக் கடிதத்தை மேலே கொண்டுவந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். "நல்ல கடிதம் அக்கா. இல்லையெண்டு முதல் வரியிலயே எழுதியிருக்கினம்."

மே மாதம் வீட்டைக் காலி பண்ணினாள். வடக்கே ஒரு சின்ன ஊர், பஸ்ஸில் போனால் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். அங்கே உள்ள ஆஸ்பத்திரிக்கு வார்ட் வேலை கேட்டு எழுதிப் போட்டிருக்கிறாள், மூன்றாம் நாளே 'வா' என்று பதில் வந்துவிட்டது. வெளிக்கிடும்போது என் மனுஷன் பெட்டி தூக்கினார். "ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் முதல் ஞாயிறு நாலு மணிக்குப் போன் எடுப்பன் அக்கா" என்றாள்.

எடுக்கிறாள். இந்த ஏப்ரலும் நாலு மணிக்கு மணி அடித்தது. பரீட்சையைத் திரும்ப எழுதிவிட்டாளாம். அங்கே வார்டில் நின்ற அனுபவத்தைப் பெட்டியில் எழுதி இந்த இலையுதிர் காலத்தில் அனுப்பப் போகிறாளாம். சந்தோஷத்தில் நான், "நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் இஞ்ச வந்து நில்லும் பிள்ளை, பேஸ்மென்ட் உமக்குத்தான்" என்றேன். சொன்னதும் நாக்கைக் கடித்தேன். கீழே இப்போது வேறு குடும்பம்.

"இல்லைப் பிள்ளை, பிழையாச் சொல்லிப்போட்டன். கீழ ஆக்கள் இருக்கினம். மேல தையல் மெசின் வைச்சிருக்கிற சின்ன அறை இருக்கு. அதைத் தரலாம்."

"சரி அக்கா, அது காணும்" என்றாள். அடுத்த நாளே தையல் மெசினைத் தூக்கி ஹோலில் வைத்தேன்.

இவ்வளவுதான் அவள். இனி ஒன்று.

இந்த மலர் வெளியிடுகிற விழாவில் நீங்கள் சிறப்புப் பேச்சாளர். மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு வழிகாட்டப் போகிறீர்களாம். நோட்டீஸ் பார்த்தேன். நேரத்தோடு விண்ணப்பியுங்கள், அனுபவம் தேடுங்கள் என்று சொல்வீர்கள். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். விழா முடிந்ததும் சிலர் உங்களிடம் வருவார்கள், அவள் வந்தது மாதிரி. நீங்கள் தோளில் தட்டி, "கட்டாயம் தங்கச்சி" என்பீர்கள்.

இதை எழுதினால் எங்களுக்கு டொக்டர் இல்லை என்று என் மனுஷன் சொல்கிறார். இல்லாவிட்டால் இல்லை. வரிசையில் பெயரைப் பதிகிறேன். சனத்துக்கு முன்னால் நானும் ஒப்புக்கொள்கிறேன், எட்டு நாள் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என் பிழை.

உங்களுடையதை நீங்கள் சொல்லுங்கள். அந்தப் புதன்கிழமை உங்கள் கிளினிக்கில் இருந்தவர்கள் எல்லோரும் அன்றைக்கு மண்டபத்தில் இருப்பார்கள். மலரை வாசலிலேயே கையில் தருவார்கள், நீங்களும் வாசித்திருப்பீர்கள். பேச்சைத் தொடங்குமுன் ஒலிவாங்கியில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்த வசந்தத்தில் அவள் போன் எடுத்து, முதியோர் இல்ல வேலையை விடட்டுமா என்று கேட்டபோது, உங்களிடம் அவளுக்கு ஒரு வேலை இருந்ததா, இல்லையா?

ஓம் என்றால் ஓம் என்று சொல்லுங்கள். இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். அடுத்த கிழமை என்று மட்டும் சொல்லாதீர்கள். விழா நாலு மணிக்கு என்று போட்டிருக்கிறார்கள். நான் நாலு மணிக்கு முன்வரிசையில் இருப்பேன்.